கார்க் கதவைப் பூட்டச் சொன்னாயே

கும்பகோணம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பேச்சை முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன ஆகஸ்டில் அமெரிக்காவில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, எட்டு மைல் சாலையைத் தாண்டி டெட்ராய்ட் நகருக்குள் நுழைந்ததும், "கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் அம்மா, இது நல்ல ஏரியா இல்லை" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பஸ் நிறுத்தத்தில் கறுப்பினப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும் என்றே எனக்கு இன்றும் தோன்றுகிறது. அப்போது நான் வாய் திறக்கவில்லை. அது என் தப்பு.

முப்பது வருடம் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவள் நான். கடன் கிடைக்கிற தெருவில் இரண்டே வருடத்தில் மாடி எழும்பும். கடன் மறுக்கப்பட்ட தெருவில் ஓடு மாற்றக்கூட வழியிருக்காது. "நல்ல ஏரியா" எப்படி உருவாகிறது என்பதை என் மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, நீ வேலைக்குப் போயிருந்த நாளில், மாப்பிள்ளையை அழைத்துப்போகச் சொன்னேன். எட்டு மைல் சாலைக்குச் சற்றுத் தெற்கே ஒரு சுவர் இருக்கிறது. ஆறடி உயரம், ஓரடி கனம், அரை மைல் நீளம். 1941-ல் வெள்ளையர்களுக்காக மனை போட்ட ஒரு வியாபாரி கட்டியது. பக்கத்திலேயே கறுப்பினக் குடும்பங்கள் இருந்ததால் அந்த மனைகளுக்கான கடனுக்கு அரசின் வீட்டுவசதி நிர்வாகம் உத்தரவாதம் தர மறுத்தது. நடுவில் சுவரை எழுப்பியதும் தந்துவிட்டது. விளையாட்டுத் திடலை ஒட்டிய பகுதியில் இப்போது ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அதில் பஸ் ஏறுகிறார். மற்ற இடங்களில் வீடுகளின் கொல்லைப்புறத்தில் வெறும் சாம்பல் நிறச் சிமெண்டாக நிற்கிறது. கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. இன்று சுவரின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள்தாம்.

ஊர் திரும்பியதிலிருந்து இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 1930-களில் அரசே இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, பகுதிகளைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்திருக்கிறது. பச்சை என்றால் கடன் கொடுக்க நம்பகமானது, சிவப்பு என்றால் ஆபத்தானது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு ஏறக்குறைய எல்லா ஊரிலும் சிவப்புதான். அரசு உத்தரவாதம் இருந்தால் கடன் மூழ்கினாலும் வங்கிக்கு நஷ்டமில்லை. அதனால் குறைந்த முன்பணம், நீண்ட தவணை. அது கிடைக்காதவர்களில் பலர் ஒப்பந்த முறையில் வீடு வாங்கினார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவன் கையில் இருக்கும். இடையில் தவணை தவறினால் வீடும் போய்விடும், கட்டிய பணமும் போய்விடும். வட்டிக்கடைக்காரன்கூட இவ்வளவு துணிய மாட்டான்.

உன் வீட்டுப் பத்திரக் கட்டையும் படித்தேன். பழக்க தோஷம், மூலப்பத்திரம் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அடியில் 1940-களின் தட்டச்சுப் பிரதி ஒன்று இருந்தது. காகேசிய இனத்தவர், அதாவது வெள்ளையர், தவிர வேறு எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்று குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் 1923-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, அந்த வரி உன்னையும் என்னையும் சேர்த்துத்தான் வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

டெட்ராய்ட் சீபால்ட் தெருவில் 1944-ல் வீடு வாங்கிய ஆர்செல் மெக்கீ, மின்னி மெக்கீ என்ற கறுப்பினத் தம்பதிமீது இதே மாதிரி வரியைக் காட்டித்தான் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். மிச்சிகன் நீதிமன்றங்களில் தம்பதி தோற்றார்கள். விடவில்லை. தர்குட் மார்ஷல் அவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். இப்படிப்பட்ட நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் தீர்ப்பு வந்தது. வீடு விற்பதில் இனப் பாகுபாடு காட்டுவதே சட்டவிரோதம் என்ற சட்டம் வர இன்னும் இருபது வருடம் ஆயிற்று. மார்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில் அதில் கையெழுத்தானது. இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர் என்றிருந்த குடியேற்றக் கட்டுப்பாட்டை நீக்கிய 1965-ஆம் ஆண்டுச் சட்டமும் கறுப்பின மக்களுடைய போராட்டம் கதவைத் திறந்துவிட்ட அதே காலத்தில் வந்ததுதான். உன் படிப்பு ஒன்றுதான் உன்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை அடமானம் வைத்துத்தானே உன்னை அனுப்பினோம்? அடமானம் வைக்க வீடே சேர விடாமல் இரண்டு தலைமுறையைத் தடுத்துவைத்தால், பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு யார் கடன் கொடுப்பார்கள்? 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், நடுத்தட்டு வெள்ளையர் குடும்பத்தின் சொத்து கறுப்பினக் குடும்பத்தின் சொத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. சட்டம் மாறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் இந்தக் கணக்கு.

அன்று இரவு பேரன் என்னிடம், "அங்கே கெட்டவர்கள் இருக்கிறார்களா பாட்டி?" என்று கேட்டான். தூங்கு கண்ணா என்று தட்டிக்கொடுத்துவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். வரும் ஜூனில் நான் வரும்போது நாம் மூவரும் அந்தச் சுவர்வரை போய்வரலாம். மாப்பிள்ளைக்கு வழி தெரியும். பத்திரக் கட்டைப் பத்திரமாக வை. அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு தாள் செருகியிருக்கிறேன், எடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா