துணி எல்லாம் மக்கிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் பொங்கல் கூட்டம் தொடங்கிவிட்டது. புதுத்துணி வந்தால் பழையது வெளியேறும். வடசென்னையில் அது போகும் இடம் போகி நெருப்பு, இல்லையென்றால் கொடுங்கையூர் குப்பை மேடு. 'துணிதானே, மக்கிடும்' என்று சோற்றுக் குப்பையோடு கட்டிப் போடுகிறோம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வண்ணாரப்பேட்டையில் வெளுத்த துணிக்கு அந்தப் பேச்சு பொருந்தும், அது பருத்தி. இன்றைய பீரோவுக்குப் பொருந்தாது.

ஈரமும் காற்றும் உள்ள மண்ணில் பருத்தியைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் சில மாதங்களில் தின்றுவிடும். ஆனால் சுத்தப் பருத்திச் சட்டையைப் புதைத்துத் தோண்டினாலும் தையல் நூல், லேபிள், பட்டன் எல்லாம் சட்டையின் கோடு போட்டதுபோல் மிஞ்சிக் கிடக்கும். தைக்கிற நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக் இழை. சிந்தெட்டிக் சேலை வெயிலில் இற்று இழை இழையாக உதிரும். அது மக்கியதாகாது, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் ஆகிவிட்டது, அவ்வளவே.

குப்பை மேட்டின் அடியில் காற்று இல்லாததால் பருத்திகூட மீத்தேனாகத்தான் மாறும். பழைய குப்பையைப் பிரிக்க மேட்டைத் தோண்டிச் சலிக்கும்போது சேலைகள் சுழலும் சல்லடையில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும்; இயந்திரத்தை நிறுத்தி அறுத்தெடுக்க வேண்டும். கழிவுநீர் பம்புகளிலும் இதே தொல்லைதான்.

எந்தத் துணி என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாவிலிருந்து (நீளவாட்டு இழை) ஒரு நூல், ஊடையிலிருந்து (குறுக்கு இழை) ஒரு நூல் உருவுங்கள். இரண்டும் வேறாக இருக்கலாம். இடுக்கியில் பிடித்துத் தட்டின் மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசமும் ஊதினால் பறக்கும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகுபோல் கெட்டியானால் பாலியெஸ்டர். முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி.

பருத்தி என்று உறுதியான பழைய வேட்டியை, பனியனைத் தையலோடு ஓரம் வெட்டிவிட்டு, 2 அங்குலத் துண்டாக்கி நனைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு காய்கறிக் கழிவு சேர்த்து உரத்தொட்டியில் போடலாம். மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜன் பருத்தியில் அநேகமாகக் கிடையாது. காய்கறிக் கழிவு இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாரம் ஒருமுறை கிளறாவிட்டால் அடை கட்டி நாறும். ஜரிகையும் ரப்பர் பிரிண்ட்டும் வேண்டாம்.

மற்றதைத் துவைத்துக் காயவைத்துத் தனிப் பையில் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். ஈரத்தில் கட்டினால் இரண்டே நாளில் கரும்புள்ளி விழும். பிறகு யாருக்கும் உதவாது. நெருப்பில் மட்டும் போடாதீர்கள். மார்கழி விடியலில் காற்று அசையாது, புகை தெருவிலேயே தங்கும். 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்களையே அந்தப் புகை திருப்பி அனுப்பியது.

மாதத்தில் ஒரு நாளைத் துணிக்கென்றே ஒவ்வொரு வார்டிலும் ஒதுக்கி, அந்த வண்டியில் வேறு குப்பை ஏற்றாமல் எடுத்துச் செல்ல மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21