கையை அளந்தாய், காலைப் பார்த்தாயா?

அன்புள்ள சௌம்யா,

வெளியே முழங்கால் அளவு பனி. இன்றைக்கு டான்ஸ் வகுப்பு கிடையாது என்று எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்பிவிட்டேன். அப்பா டிரைவ்வேயில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்? ஃபோன் செய்தால் நீ "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி நீ சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்கவுட்டாக நீ போய்ப் பார்த்த ஒரு காலேஜ் பையன். லெஃப்ட் டாக்கிள், அதாவது பந்து வீசுகிற குவார்ட்டர்பேக்கைக் காக்க இடது ஓரத்தில் நின்று தடுக்கிறவன். கை 32 இன்ச்சுக்குக் கொஞ்சம்தான் மேலே. "ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிக் கார்டாப் போடலாம், டாக்கிளுக்கு ஆகமாட்டான்" என்று ரிப்போர்ட் எழுதிவிட்டாய். ஏன் என்று கேட்டால், "கை 34 இன்ச் இருக்கணும்மா, எங்க ஸ்கவுட்டிங் ரூம்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாய். பையன் பேரை நீ சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம், வேலைக்கு ஆபத்து. ஆனால் நவம்பர் செவ்வாய், புதன் ராத்திரிகளில் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற சின்ன காலேஜ்களின் ஆட்டங்களை ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறவர்கள் நாங்கள். நீ போய்வந்த ஊரைக் கேட்டதுமே அப்பா ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

உன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாயே ஜோ தாமஸ், அவரும் லெஃப்ட் டாக்கிள், அவருக்கும் கை 32½ இன்ச்தான். டீம்கள் வரிசையாகக் காலேஜ் ஆட்களை எடுக்கிற டிராஃப்டில், 2007-இல் நம் கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. டிராஃப்ட் மேடைக்குப் போகாமல் அவர் தன் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். அப்புறம் வரிசையாக 10,363 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்), ஒன்றைக்கூட விடவில்லை. 2017 அக்டோபரில் டைட்டன்ஸ் ஆட்டத்தில் கைத்தசை கிழிந்து அவர் வெளியே நடந்தபோது, நீ சாப்பிட்ட தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாய். பதினோரு வருடத்தில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட இந்த ஊர் அவருக்குக் கொடுக்கவில்லை, அது வேறு கதை.

ஒரு தாமஸை வைத்துக்கொண்டு கை நீளமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மறுபக்கமும் இருக்கிறது. ஆர்லாண்டோ பிரௌன் ஜூனியர் என்ற டாக்கிள், டிராஃப்டுக்கு முன்னால் ஆட்களை அளந்து ஓடவிட்டுப் பார்க்கிற கம்பைனில், 2018-இல் 40 கஜம் ஓட 5.85 வினாடி எடுத்தார். 225 பவுண்டை 14 தடவைதான் தூக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவது ரவுண்டில், 83-ஆவதாக, பால்டிமோர் எடுத்தது. அதற்கப்புறம் அவர் புரோ போல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்கு எத்தனை தடவை தேர்வானார் என்று உனக்கே தெரியும். அவ்வளவு நீளமான கை, அவ்வளவு அகலமான உடம்பு. அவரைச் சுற்றி ஓடுவதற்குள் பந்து போய்விடும். நீளமான கை காலின் தப்பை மூடிவிடும், அதற்குத்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. குட்டைக் கைக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படியானால் இந்தப் பையன் விஷயத்தில் நீ எழுதவேண்டியது காலைப் பற்றி இல்லையா? நீ படித்துக் காட்டிய ரிப்போர்ட்டில் காலைப் பற்றி "போதுமான கால் வேகம்" என்று ஒரே ஒரு வரி. எதற்குப் போதும்?

முழங்காலை மடக்கிப் பாதி உட்காருகிற அரைமண்டிக்கு அம்மா மறுபடியும் வந்துவிட்டாள் என்று சிரிப்பாய். சிரி. பதினாலு வயதில் சலங்கையைக் கழற்றிவைத்த நீதான், டாக்கிள் பின்னால் சறுக்கிப் போகிற கிக் ஸ்லைடை முதல் தடவை பார்த்துவிட்டு "அம்மா, இது சறுக்கல் அடவு" என்றாய். இடுப்பில் குனிகிறவனும் முழங்காலை மடக்கி உட்காருகிறவனும் டிவியில் ஒரே உயரமாகத்தான் தெரிவார்கள். ஆனால் குனிகிறவன் தலை பாதத்தைத் தாண்டி முன்னே போயிருக்கும். எதிராளி அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் குப்புற விழுவான். உட்கார்ந்தவனை அப்படி இழுக்க முடியாது. பின்னால் சறுக்கும்போது இரண்டு பாதமும் ஒட்டிப்போகிறதா பார். ஒட்டுகிற அந்த நேரத்தில் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினால் 310 பவுண்டும் குவார்ட்டர்பேக் மடியில்தான். வெளியே ஓடுகிறவனுக்குப் பயந்து இடுப்பைச் சீக்கிரம் திருப்பினால் கதவைத் திறந்துவிட்ட மாதிரி, அவன் உள்பக்கமாக நுழைந்துவிடுவான். நீ மைதானத்தின் கடைசியிலிருந்து எடுக்கிற அந்த என்ட்-ஸோன் கேமராவில் பார்க்கிறவள். எனக்கு டிவிக்காரன் காட்டுவதுதான். அதில் பாதி நேரம் டாக்கிளே தெரியமாட்டான்.

இன்னொன்று. இப்போது காலேஜ் ஆட்டத்தில் ஸ்னாப் வாங்கிய கையோடு பந்தை வீசிவிடுகிறார்கள். எழுபது ஸ்னாப் ஆடினாலும் ஒரு டாக்கிள் நிஜமாக நின்று காக்கவேண்டியது ஏழோ எட்டோதான். மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, பத்து கஜத்துக்கு மேல் வேண்டும், பாஸ்தான் வரும் என்று எதிராளிக்கும் தெரியும். அந்த ஸ்னாப்களை மட்டும் தனியாக எடுத்து வை. அதிலும் அவன் தோற்ற ஸ்னாப்களை முதலில் பார்.

இது நான் அடி வாங்கித் தெரிந்துகொண்டது. ஒரு வருடம், நீண்ட கையும் நல்ல உயரமுமாக இருந்த பெண்ணை முன்வரிசையில் நிறுத்தி, குட்டையானவளைப் பின்னால் தள்ளினேன். மேடையில் மிருதங்கம் கொஞ்சம் ஓடிவிட்டது. உயரமானவள் தாளத்தை விட்டாள், விட்டவள் அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவளும் விட்டாள். ஆனால் அரைமண்டியைக் கலைக்காமல் இரண்டு தட்டு சும்மா தட்டி, மூன்றாவதில் தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து சேர்ந்தாள். வகுப்பில் ஒரு வருடம் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை. அவள் தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை.

சரி, நீ ரிப்போர்ட் எழுதிய பையன். நவம்பரில் ஒரு ஆட்டம், லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது, மூன்றாவது டவுன், 11 கஜம். எதிராளி வெளிப்பக்கம் நாலு அடி வேகமாகப் போய்விட்டு உள்ளே சுழன்றான். இவன் ஏமாந்துபோனான், இடது கால் வழுக்கியது, இடது கை தரையில். அங்கேயே கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இடுப்பு மேலே எழும்பவே இல்லை. வலது கையால் அவன் விலாவில் ஒரு தள்ளு, காலைத் தனக்குக் கீழே கொண்டுவந்துவிட்டான், குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் மறுபடி நின்றான். பந்து போய்விட்டது. அப்பாவை மூன்று தடவை ரீவைண்ட் செய்ய வைத்தேன்.

சின்ன காலேஜ், எதிராளிகளும் சின்ன காலேஜ்தானே என்பாய். நியாயம்தான். இதே கான்ஃபரன்ஸிலிருந்துதான் 2013 டிராஃப்டில் எரிக் ஃபிஷர் முதல் ஆளாகப் போனார். ஆனால் அந்த வருடம் முதல் நாலு இடத்துக்குள் போன டாக்கிள்களில் பேர் சொல்லும்படி நிலைத்தவர், நாலாவதாகப் போன லேன் ஜான்சன். ஜூனியர் காலேஜில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர்! ஒரு அறையே கூடி முடிவு செய்தால் அதுவே சரி என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் கிரேடை மாற்று என்று நான் சொல்லவில்லை. எனக்கு மூன்று ஆட்டம்தான் தெரியும், அதுவும் டிவியில். அடுத்த வாரம் அலபாமாவின் மொபைல் ஊரில், டிராஃப்டுக்குப் போகிற காலேஜ் ஆட்கள் ஆடும் சீனியர் போல் பயிற்சியில் ஒருத்தருக்கு ஒருத்தர் மோதும்போது அவனை நேரில் பார்ப்பாய். அங்கே வருகிறவர்கள் அவனை நிச்சயம் இரண்டு மூன்று தடவை ஜெயிப்பார்கள். ஜெயித்ததும் கூட்டம் கத்தும், எல்லாரும் குறிப்பு எழுதக் குனிவார்கள். நீ குனியாதே.

புளிக்காய்ச்சல் பார்சலில் வருகிறது, ஹோட்டல் ஃபிரிட்ஜில் வை. அவன் இடது கால் எப்படி என்று மட்டும் ஒரு வரி அனுப்பு, பேர் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா