ராபர்ட் வீவரின் பெட்டிகளைத் திறக்கக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

கனடிய வானொலியில் இலக்கிய ஆசிரியராக இருந்த ராபர்ட் வீவர் பற்றிய கட்டுரையை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதியதில் மூன்று வருடம் ஓடிவிட்டது. அதை வாசித்தவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். ஆனால் பாதிப் பாராட்டு போய்ச்சேர வேண்டியவர்கள் வேறு ஆட்கள், அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒட்டாவாவில், வெலிங்டன் தெருவில் இருக்கும் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் வேலைசெய்பவர்களுக்கு. வீவரின் தாள்கள் அங்கேதான் இருக்கின்றன. பெட்டிகளை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் நான் பாட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து ரயிலேறிப் போய் நின்றேன். முகம் சுளிக்காமல் உட்கார வைத்து, பட்டியலை எப்படி வாசிப்பது, எந்தப் பெட்டியை முதலில் கேட்பது, ஒரு கோப்பை எடுத்தால் அதன் இடத்தில் அடையாள அட்டையை ஏன் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தீர்கள். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு நீங்கள் தந்த பென்சிலை, மன்னிக்கவும், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வீவர் பெரிய நாவல் எதையும் எழுதியவர் அல்லர். 1948இல் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் வானொலியில் சேர்ந்தார், 1954இல் ‘ஆந்தாலஜி’ என்ற இலக்கிய நிகழ்ச்சியைத் தொடங்கினார், அது 1985 வரை ஓடியது. கனடாவில் ஒரு சிறுகதைக்குக் காசு கொடுக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. ஊர் பேர் தெரியாத ஒருவர் அனுப்பிய கதையை வாங்கி, வானொலியில் வாசிக்கவும் வைத்து, கூடவே காசோலையும் அனுப்புவது அந்த எழுத்தாளருக்கு என்னவாக இருந்திருக்கும்! 1951இல் அப்படி அவர் வாங்கிய கதைகளில் ஒன்றை எழுதியவர் பல்கலைக்கழக மாணவி, பெயர் ஆலிஸ் லெய்ட்லா. பின்னாளில் ஆலிஸ் மன்றோ. அவருடைய முதல் புத்தகம் வந்ததோ 1968இல். நடுவிலிருந்த அந்தப் பதினேழு வருடமும், வன்கூவரிலும் பிறகு விக்டோரியாவிலும் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு எழுதியவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் வீவர். கதை சரிவராவிட்டால் திருப்பி அனுப்புவார், ஏன் சரிவரவில்லை என்றும் எழுதுவார், அடுத்தது எங்கே என்றும் கேட்பார். ஒரு பத்திரிகையாசிரியரின் தரம் அவர் வேண்டாம் என்று எழுதும் கடிதத்தில்தான் தெரியும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். மன்றோவுக்கு நோபல் கிடைத்த 2013இல் வீவர் உயிரோடு இல்லை, 2008லேயே போய்விட்டார். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

கடிதம் என்றால் அது இரண்டு வீட்டுச் சொத்து. மன்றோ எழுதியவை வீவரின் பெட்டியில் ஒட்டாவாவில், வீவர் எழுதியவை மன்றோவின் தாள்களோடு கல்கரிப் பல்கலைக்கழகத்தில். நடுவே மூவாயிரம் கிலோமீட்டர். கல்கரிக்குப் போக எனக்கு விடுப்பும் இல்லை, பணமும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு ஆய்வு மாணவி, தன் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து, நான் கேட்ட தேதிகளை எல்லாம் பார்த்துக் குறிப்பெடுத்து அனுப்பினார். தங்கச்சி, நீங்கள் இல்லாவிட்டால் என் கட்டுரையில் கேள்வி மட்டும்தான் இருந்திருக்கும், பதில் இருந்திருக்காது.

அப்புறம் ‘டமரக் ரிவ்யூ’. வீவரும் நண்பர்களும் 1956இல் தொடங்கி 1982 வரை நடத்திய காலாண்டிதழ். டமரக் என்பது இலையுதிர்காலத்தில் ஊசி இலை முழுவதையும் உதிர்க்கும் ஒரு வடக்கத்தி மரத்தின் பெயர். பின்னாளில் நாவலாசிரியராகப் பேர்பெற்ற டிமதி ஃபின்ட்லியின் முதல் கதை வந்த அந்த முதல் இதழைத் தன் அலமாரியிலிருந்து எடுத்து, ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கையில் தந்த பழைய புத்தகக்கடைக்காரருக்கு நன்றி. விற்றிருந்தால் நல்ல விலை போயிருக்கும் ஐயா.

வானொலியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மூன்று மாலைகள் தொலைபேசியில் பேசினார். கண்ணால் வாசிக்கும் கதை வேறு, காதால் கேட்கும் கதை வேறு என்பதையும், நேரத்துக்குள் அடங்க எங்கே வெட்டுவார்கள் என்பதையும் அவர் சொன்ன பிறகுதான் வீவர் கேட்ட திருத்தங்கள் எனக்குப் பிடிபட்டன.

கடைசியாக ஒட்டாவா அக்காவும் அத்தானும். மாசிப் பனியில் ஐந்து நாள் என்னை வைத்திருந்து, காலையில் இடியப்பமும் சொதியும் தந்து, காப்பக வாசலில் இறக்கிவிட்டு, மாலையில் நான் சொன்ன பழைய கடிதக் கதைகளை எல்லாம் அலுக்காமல் கேட்டீர்கள். இன்னும் நான் பார்க்காத பெட்டிகள் இருக்கின்றன அக்கா. ஐப்பசியில் வருகிறேன், இந்தமுறை பெட்டிகளை முன்பே கேட்டு வைத்துவிட்டேன்.