வங்கியில் தொலைந்த பத்திரங்களுக்கு வங்கியே காவல் நிலையத்தில் புகார் அளிக்க நடவடிக்கை கோரும் மனு

அனுப்புநர்
விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த வீட்டுக்கடன்தாரர்
(பெயர், முகவரி, கடன் கணக்கு விவரம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஐயா,

மார்த்தாண்டத்தை அடுத்த எங்கள் ஊரில் உள்ள 11 சென்ட் மனையையும் வீட்டையும் ஈடாக வைத்து வங்கியொன்றில் நான் வாங்கிய வீட்டுக்கடனை வட்டியும் முதலுமாகக் கட்டி முடித்து இன்றோடு 107 நாள்கள் ஆகின்றன. கடன் வாங்கிய அன்று வங்கி கையெழுத்திட்டுத் தந்த பட்டியலில் ஆறு ஆவணங்கள் உள்ளன. திருப்பி வாங்கச் சென்றபோது வங்கியின் பிரதியில் நான்கிற்கு எதிரே மட்டும் சிவப்பு மையில் குறியிட்டிருந்தது. மற்ற இரண்டிற்கு எதிரே பென்சிலால் 'தேடவும்' என்று எழுதியிருந்தது. என் பெயரிலுள்ள கிரையப் பத்திரமும், எங்கள் பக்கத்தில் முன்னாதாரம் என்று சொல்லப்படும் தாய்ப்பத்திரமுமே அந்த இரண்டு.

முன்னாதாரம், இவ்வட்டம் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துடன் இணைவதற்கு முன், திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில், கொல்லம் ஆண்டு 1121-இல் (1945-46) மலையாளத்தில் எழுதிப் பதியப்பட்டது. அதன் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் தேடி எடுப்பதோடு வேலை முடிவதில்லை; அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படித்துத் தமிழில் பெயர்த்துத் தரவும் ஆள் வேண்டும். அசலின் கடைசிப் பக்கத்தில் என் பாட்டியின் பெருவிரல் ரேகை இருந்தது என்பது சட்டத்திற்குப் பொருட்டல்ல, எனக்குப் பொருட்டு.

ஆவணங்கள் காப்பக மையத்திற்குப் போகும் வழியில் தவறியிருக்கலாம் என்று வாய்மொழியாக ஒப்புக்கொள்ளும் கிளை மேலாளர், அவை என் கைவசம் இருந்தபோது தொலைந்ததாக நானே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று பெற்று வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்கிறார். நடக்காததை நடந்ததாக எழுதிக் கையெழுத்திட நான் தயாராக இல்லை. அப்படிக் கையெழுத்திட்டால் அது பொய்ப் புகார் ஆவதோடு, வங்கியின் பொறுப்பும் அந்த ஒரே தாளில் என் தலைக்கு மாறிவிடும்.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-இல் வெளியிட்டு, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையின்படி, கடன் தீர்ந்த 30 நாள்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். அவை தொலைந்திருந்தால் சான்றிட்ட நகல் பெற வங்கியே உதவி, செலவையும் ஏற்க வேண்டும். அதற்கென மேலும் 30 நாள்கள் போக, அதன் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இன்றைய கணக்கில் 47 நாள்களுக்கு 2,35,000 ரூபாய் ஆகிறது. அச்சுற்றறிக்கை தனிநபர் கடனுக்கு மட்டுமே என்று கிளையில் பதில் சொன்னார்கள். ரிசர்வ் வங்கியின் வகைப்பாட்டில் வீட்டுக்கடனும் தனிநபர் கடனே.

பணத்தைவிட எனக்குப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவின்படி அசல் பத்திரத்தை ஒப்படைத்தும் அடமானம் செய்ய முடியும் என்பதால், தொலைந்த அசல் வேறெவர் கையிலாவது சிக்கினால் ஆள்மாறாட்டத்திற்கு வழி திறக்கும். தொலைந்த செய்தி தொலைத்தவர் பெயரிலேயே காவல் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இழப்பீட்டைத் தீர்மானிப்பது தங்கள் அதிகாரத்திற்கு உட்பட்டதல்ல என்பதை அறிவேன். வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாள்கள் கடந்தும் பதில் இல்லாததால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் தனியே முறையிட்டுள்ளேன்; தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்தையும் நாடுவேன். தங்களிடம் வேண்டுவது, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் வாயிலாகக் கிளை மேலாளரை அழைத்து விசாரித்து, ஆவணங்கள் வங்கியின் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தன என்று வங்கி எனக்கு எழுத்து மூலம் தரவும், அதே வாசகத்துடன் காவல் நிலையத்தில் புகார் அளிக்கவும், அப்புகாரைத் தாமதமின்றிப் பதிந்து விசாரிக்கக் காவல் கண்காணிப்பாளர் வழி உத்தரவு செல்லவும் ஆவன செய்ய வேண்டும் என்பதே. முன்னாதாரத்தின் நகலை விரைந்து வழங்கச் சார்பதிவாளருக்குப் பரிந்துரைக்குமாறும், நகல் கட்டணத்துடன் மொழிபெயர்ப்புச் செலவையும் வங்கியே ஏற்க அறிவுறுத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: ஆவணப் பட்டியல், கடன் தீர்வுச் சான்று, வங்கிக்கு அனுப்பிய புகார் ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்