தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்போதைய படங்களில் சத்தம் தாங்க முடியவில்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். காது நன்றாகக் கேட்கிறவரின் குறை அது. காது கேட்காத என் குறையையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நான் போகிற தியேட்டர்களில் தமிழ்ப் படத்தின் வசனம் திரைக்கு அடியில் தமிழ் எழுத்தாக ஓடுவதில்லை.

தண்டையார்பேட்டையில் இரும்பு டிரம் செய்யும் பட்டறை ஒன்றில் 31 ஆண்டுகள் தகடு தட்டியவன் நான். காதில் பஞ்சு அடைத்துக்கொள்வதுதான் அன்றைக்குப் பாதுகாப்பு. வலது காது பட்டறையிலேயே போய்விட்டது. இடது காதுக்குக் கருவி. படம் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடப்பட்டபோது, "தாத்தா இனிமேல் எங்கே போவார்?" என்று பேத்தி கேட்டாள். மறு ஆண்டே மெட்ரோ ரயில் எங்கள் பக்கம் நீண்டது. தாத்தா அண்ணா சாலைக்குப் போகிறார்.

சத்தமாக வைத்தால் செவிடனுக்கு நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். கருவி எல்லாவற்றையும் பெரிதாக்கும். எது பேச்சு, எது முரசு என்று புடைத்துக் கொடுக்காது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்கு இரண்டும் இல்லை. கதாநாயகன் மெதுவாகத் திரும்பத் தொடங்கியதுமே கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவேன். சத்தம் வந்ததா இல்லையா என்பதை நாற்காலி சொல்லும். காட்சி ஓய்ந்ததும் பைக்குள் கருவி 'கீ' என்று கூவுமாம். பக்கத்து இருக்கைக்காரர் தன் செல்போனை எடுத்துப் பார்ப்பார்.

2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது இந்தக் கூச்சலைப் பற்றி ஆஸ்கர் வாங்கிய ஒலிப்பதிவாளர் ரசூல் பூக்குட்டியே ஆதங்கப்பட்டார். ஒலியை 2 புள்ளி குறைக்கத் தியேட்டர்காரர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்தார். அது என்ன புள்ளி என்று எனக்குத் தெரிந்த ஆபரேட்டரிடம் கேட்டேன். ஒலி அளவு 7-இல் நிற்க வேண்டும் என்பது பொதுக் கணக்காம். ஒலியைக் கலக்குகிறவர் அந்த 7-ஐ நம்பித்தான் கலக்க வேண்டும். அவரே கூச்சலாகக் கலந்து அனுப்பினால் இங்கே 5-க்கு இறக்குவார்கள். இறக்கினால் வசனம் கிணற்றுக்குள் போய்விடும். அதாவது, குறைத்தாலும் எனக்கு நஷ்டம், கூட்டினாலும் எனக்கு நஷ்டம்.

அதே 2024-இல்தான் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் வந்தது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் உறுமல், காற்று, காலைக் கட்டிய சேவல். நாயகியாக வரும் அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு கருவியை ஒரு தடவைகூடக் கழற்றாமல் பார்த்த படம் அது. வெளியே வரும்போது முடிவு சரியில்லை என்று சிலர் முணுமுணுத்ததாக மகன் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை.

ஹாலிவுட்காரர்களும் யோக்கியர்கள் அல்ல. கிறிஸ்டோபர் நோலன், படப்பிடிப்பில் பேசிய குரலே போதும், பிறகு டப்பிங்கில் பேசவைக்க வேண்டாம் என்று நினைக்கிறவர். அதனால் அவர் படங்களில் வசனம் புரியவில்லை என்று ஆங்கிலம் பேசுகிறவர்களே அழுகிறார்கள். நான் எம்மாத்திரம்? 'ஓப்பன்ஹைமர்' மூன்று மணி நேரம். பேச்சில் பாதியைத் தவறவிட்டேன். ஆனால் அந்த அணுகுண்டுச் சோதனை! வெளிச்சம் முதலில் வருகிறது, நெருப்பு எழுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. கடைசியில்தான் இடி. சுத்தியல் இறங்குவதைப் பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால் ஓசை ஒரு கணம் தாமதித்து வரும். அதையே அவர் அரங்கத்துக்கு நீட்டிக் காட்டிவிட்டார். அந்த நேரத்துக்கு அரங்கில் இருந்த அத்தனை பேரும் என் ஜாதி.

'சவுண்ட் ஆஃப் மெட்டல்' பார்க்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். 2021-இல் ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய படம். செவித்திறனை இழக்கும் டிரம்ஸ் கலைஞன் அறுவைச் சிகிச்சை செய்து கருவி பொருத்திக்கொள்கிறான். கேட்பதெல்லாம் தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருக்கிறது. கருவி பொருத்திய முதல் வாரம் நான் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்ததும் அதுதான். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

'சார்பட்டா பரம்பரை' வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்களின் கதை, எங்கள் மண்ணின் கதை. 2021-இல் நேராக ஓ.டி.டி.க்கு வந்ததால் வீட்டில்தான் பார்த்தோம். டான்ஸிங் ரோஸ் என்ற வீரன் மோதுகிற சண்டைக்குக் காதே தேவையில்லை. கால்களைப் பார்த்தால் போதும். வாத்தியாராக வரும் பசுபதி ஒரு பார்வையில் திட்டிவிடுகிறார். ஆனால் வாத்தியார் பேசுகிற இடங்களில் கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்தவன், பக்கத்துத் தெருப் பேச்சை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற கூத்தை என்னவென்று சொல்வது?

'மெய்யழகன்' இன்னும் மோசம். மோசம் படமல்ல, என் நிலைமை. இரண்டு பேர் இரவெல்லாம் பேசுவதுதான் படமே. வெளியான சில நாட்களில் நீளம் என்று சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு வீட்டில் பேத்தி ரஃப் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, படத்தை நிறுத்தி நிறுத்தி வசனத்தைத் தமிழில் எழுதிக் காட்டினாள். கார்த்தி அரவிந்த்சாமியை வாய்க்கு வாய் 'அத்தான்' என்கிறார். முதலில் முழுச் சொல்லாக எழுதியவள், கை வலித்து வெறும் 'அ' என்று போட ஆரம்பித்தாள். படம் முடிந்தபோது பக்கமெல்லாம் 'அ'. அந்த நோட்டை வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. தமிழ்ப் படத்தின் வசனம் திரைக்கு அடியில் தமிழில் ஓட வேண்டும். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் படங்களில் வசதி செய்ய வேண்டும் என்று மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சிலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கை பெறும் படங்களுக்கு ஆறு மாதமும் மற்றவற்றுக்கு இரண்டு ஆண்டும் அவகாசம் கொடுத்தது. நான் போகிற தியேட்டர்களில் தமிழ்ப் படத்துக்கு ஆங்கில எழுத்தைத்தான் பார்க்கிறேன், அதுவும் சில காட்சிகளுக்கு மட்டும். எங்கள் பக்கத்துத் தியேட்டர் மேலாளரிடம் கேட்டேன். எழுத்து ஓடினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்றார். செல்போனில் எழுத்தோடு ரீல்ஸ் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

எல்லாக் காட்சிக்கும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், கூட்டம் வராத புதன்கிழமை காலைக் காட்சி போதும். பட்டறையில் என்னோடு இருந்த மூன்று பேருக்கும் இதே காதுதான். நான்கு டிக்கெட் நிச்சயம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை–21.