தஞ்சாவூர்ப் பயணம்: தரம் 10 பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். வருகிற ஓகஸ்ட் விடுமுறையில் தரம் 10 பிள்ளைகளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிச் செல்ல இருக்கிறோம் என்ற செய்தி இதற்குள் உங்கள் வீடுகளுக்கு வந்திருக்கும். பிள்ளைகள் சொன்னது பாதி, அவர்களே சேர்த்துக்கொண்டது பாதியாக இருக்கலாம். ஆகவே முழு விபரத்தையும் நானே எழுதுகிறேன். பெரும்போக அறுவடைக் காசு கைக்கு வரும் காலம் என்பதாலும், கடவுச்சீட்டு எடுக்க நாள் வேண்டும் என்பதாலும்தான் இவ்வளவு முன்கூட்டியே எழுதுகிறேன்.

நான்கு நாள் பயணம். விடியப்புறம் பாடசாலையில் இருந்து பஸ் புறப்படும். மாங்குளம் சந்தியில் ஏறி ஏ9 வழியாகக் காங்கேசன்துறை, அங்கிருந்து கப்பலில் நாகப்பட்டினம். கடல் அமைதியாக இருந்தால் சுமார் நான்கு மணித்தியாலம். பிறகு திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர். பலாலியில் இருந்து விமானத்திலும் போகலாம்தான். ஆனால் கப்பலில் செலவு குறைவு. அதோடு, சோழர் காலத்தில் இரண்டு கரைக்கும் இடையில் ஆட்கள் போய்வந்த அதே கடலைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தபடி கடக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது. காலநிலை சரியில்லை என்றால் கப்பல் நிற்கும். அப்படி நின்றால் பயணத்தைத் தள்ளிவைப்போமே தவிர, அவசரப்பட்டு வேறு வழியில் பிள்ளைகளைக் கொண்டுபோக மாட்டோம்.

ஏன் தஞ்சாவூர், கண்டியோ நுவரெலியாவோ போதாதா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளுகிறது.

கடந்த டிசம்பர் விடுமுறையில் நானும் இரண்டு ஆசிரியர்களும் எங்கள் சொந்தச் செலவில் தஞ்சாவூருக்குப் போய் எல்லா இடத்தையும் பார்த்து வந்தோம். பெரிய கோயிலைப் பற்றிச் சின்ன வயதில் இருந்தே கேட்டிருக்கிறோம். முதலாம் இராஜராஜன் கட்டியது, 1010இல் நிறைவேறியது, விமானம் 200 அடிக்கு மேல் உயரம், சுற்றுவட்டாரத்தில் கருங்கல்லே இல்லாத ஊரில் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பியது. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். கேரளாந்தகன் வாசல், இராஜராஜன் வாசல் இரண்டையும் தாண்டி உள்ளே போனதும் எவரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். நானும் வெகுநேரம் அப்படித்தான் நின்றேன்.

பிறகு கண்ணைக் கீழே இறக்கினேன். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி, நாம் நின்று வாசிக்கக்கூடிய உயரத்தில், வரிவரியாக எழுத்து. ஆயிரம் வருசத்துக்கு முந்திய தமிழ் எழுத்து. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சில எழுத்துகள் இப்போதைய உருவத்தில் இருக்காது, நடுவில் கிரந்த எழுத்து வரும். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. எங்கள் தமிழ் ஆசிரியை ஒவ்வோர் எழுத்தாகக் காட்டித் தர, கால் மணித்தியாலத்தில் ஒரு சொல் வந்தது: குடுத்தன. கொடுத்தன என்று இல்லை, குடுத்தன. வகுப்பில் பிள்ளைகள் எழுதினால் சிவப்புப் பேனையால் நாங்கள் திருத்துகிற அதே சொல். எங்கள் அம்மம்மாமார் வாயில் இன்றைக்கும் இருக்கிற சொல்.

அந்த வரியில் அரசன் சொல்வது இதுதான். நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக. அக்கன் என்றால் அவருடைய அக்கா குந்தவை. தான் கொடுத்ததைச் சொல்லி முடித்த கையோடு அக்காவின் பெயரைச் சொல்கிறார். கடைசியில் வேறு யார் என்ன கொடுத்திருந்தாலும் அதையும் வெட்டச் சொல்கிறார்.

சொன்னபடியே வெட்டியிருக்கிறார்கள். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. கணக்கெழுதியவர்கள், தட்டார், தையற்காரர், சலவை செய்தவர், நாவிதர் எல்லாரும் இருக்கிறார்கள். நாவிதருக்குக்கூட இராஜராஜப் பெருநாவிதன் என்று பட்டம். ஆடல் மகளிர் 400 பேர். ஒவ்வொருவரும் எந்தக் கோயிலில் இருந்து வந்தவர், தஞ்சாவூரில் எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீட்டில் இருந்தார் என்பது வரை பதிந்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல். வயல் செய்கிற நமக்கு அந்தக் கணக்கின் அருமை தெரியும்.

அந்த இடத்தில் நின்றபோது எனக்கு எங்கள் பாடசாலைச் சேர்வு இடாப்பு நினைவுக்கு வந்தது. உங்களில் பலருக்குத் தெரியும், எங்களிடம் இருக்கும் இடாப்பு 2010இல்தான் தொடங்குகிறது. மீளக் குடியேறி வந்து பாடசாலையைத் திறந்த நாளில், அலுவலகத்து இரும்பு அலுமாரி கதவு இல்லாமல் கிணற்றடியில் கிடந்தது. உள்ளே மழைத்தண்ணீரும் ஒட்டிக் கட்டியாகிப்போன கடதாசியும். நான் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். நீல மையில் கோடு தெரிந்தது, பெயர் ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பாடசாலையில் படித்த எத்தனையோ பேருடைய பெயர் அதோடு போய்விட்டது. இன்றைக்கும் யாராவது வந்து, இங்கே படித்ததற்குக் கடிதம் தாருங்கள் என்று கேட்டால் நான் சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுபோய், கோயிற் சுவரில் ஒரே ஒரு பெயரையாவது தானே வாசித்து, பார்த்தபடியே எழுதிக்கொண்டு வர வேண்டும். அதற்காக இந்தத் தவணையில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் பழைய எழுத்து வாசிக்கப் பழக்குகிறோம். புத்தகத்தோடு இதற்கும் நேரமா என்று ஏசாதீர்கள். அரை மணித்தியாலம்தான்.

அந்தக் கல்வெட்டுகளில் நம் நாடும் வருகிறது. ஈழமண்டலத்து ஊர்கள் சிலவற்றின் வருவாயை இராஜராஜன் இந்தக் கோயிலுக்கு எழுதிவைத்திருக்கிறார். அதே காலத்தில் இங்கே மாதோட்டத்தில், திருக்கேதீஸ்வரம் இருக்கும் பக்கத்தில், தாழிகுமரன் என்ற சோழ அதிகாரி ஒருவர் இராஜராஜேஸ்வரம் என்றே ஒரு கோயில் கட்டினார். மாதோட்டத்துக்கு இராஜராஜபுரம் என்ற பெயரும் அப்போது இருந்தது. பிள்ளைகள் இதைப் பெருமையாக மட்டும் கேட்டுவிட்டு வருவதை நான் விரும்பவில்லை. இன்னொரு நாட்டின் மேல் படை நடத்தி, அந்த ஊர்களின் விளைச்சலை எடுத்துக் கொடுத்த அரசனின் எழுத்து அது. போர் என்றால் என்ன என்று தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். கோயிலின் அழகையும் பார்க்கட்டும், அந்த வரியையும் வாசிக்கட்டும். இரண்டையும் தாங்குகிற வயது வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரும் சொல்வார்கள். விழும், நாங்கள் அந்த நிழலிலேயே நின்றோம். உச்சியில் இருப்பது ஒரே கல் என்பார்கள். அதுவும் பல கற்களைச் சேர்த்து அமைத்ததுதான். இப்படிக் கதைகளைச் சேர்த்தால்தான் அந்தக் கோயில் பெரிது என்று இல்லை. பிள்ளைகள் நிழலைத் தாங்களே பார்த்துவிட்டு வந்து உங்களுக்குச் சொல்வார்கள். பெரிய நந்தி பிற்காலத்தில் நாயக்கர் காலத்தில் வைத்தது. கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில் நாயக்கர் கால ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் வெளியே தெரிந்தது. அங்கே எல்லாரையும் விடமாட்டார்கள், படமாகத்தான் காட்டுவோம்.

காலையில் வெயில் ஏறமுன் கோயிலுக்குப் போய்விடுவோம். மதியத்தில் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, போனமுறை நாங்கள் பட்டுவிட்டோம்.

கோயில் பார்த்த மறுநாள் அரண்மனை. நாயக்கர் தொடங்கி மராத்தியர் பெருப்பித்த இடம். தர்பார் மண்டபம், மணிக்கோபுரம், செப்புத்திருமேனிகள் வைத்திருக்கும் கலைக்கூடம் எல்லாம் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் அதிக நேரம் சரசுவதி மகால் நூலகத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறேன். நாயக்கர் காலத்தில் இருந்து சேர்ந்த ஓலைச்சுவடிகளும், 1832இல் காலமான இரண்டாம் சரபோஜி மன்னர் தேடித்தேடி வாங்கிய ஐரோப்பிய மொழிப் புத்தகங்களும் அங்கே இருக்கின்றன. சரபோஜி கண் வைத்தியத்தில் அக்கறை கொண்டவர். நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் உள்ளன. சிவந்த கண், வெள்ளை விழுந்த கண், ஒவ்வொன்றும் வண்ணத்தில். ஓர் அரசன் குடிமகனின் கண்ணுக்குள் குனிந்து பார்த்த காட்சி அது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன ஏடுகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஓலை இவ்வளவு காலம் இருக்கும், இருக்க வைக்கலாம் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்ப்பது எனக்கு முக்கியம். உங்களில் யாருடைய வீட்டிலாவது, பரியாரியார் ஏடோ மாட்டு வைத்திய ஏடோ, ஒற்றை ஓலையாக இருந்தாலும், தப்பிக் கிடந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். பாதுகாக்கும் முறையைக் கேட்டறிந்து வருவோம்.

திரும்பும் நாளில் கப்பல் நேரம் இடம் தந்தால் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போவோம். கோயிலில் கும்பிடுவதும் கும்பிடாமல் நின்று பார்ப்பதும் அவரவர் விருப்பம். எந்தப் பிள்ளையையும் வற்புறுத்த மாட்டோம்.

பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறீர்கள் என்று தெரியும். நானும் கூடப் போகிறேன். மூன்று ஆசிரியைகள் வருகிறார்கள். இரவில் பிள்ளைகள் தங்கும் அதே மாடியில்தான் நாங்களும் தங்குவோம். அங்கே நம் சிம் வேலை செய்யாமல் போகலாம் என்பதால், ஒவ்வோர் இரவும் சாப்பாடு முடிந்ததும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் என் குரலிலேயே செய்தி போடுவேன். அங்கே வெள்ளைச் சோறும் சாம்பாரும்தான் பெரும்பாலும் கிடைக்கும். மீன் இல்லாமல் சாப்பிடாத பிள்ளைகளை இப்போதிருந்தே கொஞ்சம் பழக்குங்கள். மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். கைச்செலவுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். ஒரு தலையாட்டிப் பொம்மை வாங்கும் அளவு காசு போதும்.

கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் உடனே என்னிடம் வாருங்கள், பிரதேச செயலகத்துக்கு நாங்கள் துணைக்கு ஆள் அனுப்புகிறோம். படிவத்தில் தகப்பனின் கையொப்பம் கேட்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப்போகும் தாய்மார் இருக்கிறார்கள். போன வருடமும் கண்டேன். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டு ஆறுதலாகக் கதைப்போம், என்னென்ன கடிதம் வேண்டுமோ அதைச் சேர்ந்து எடுப்போம்.

செலவு விபரம் தனித்தாளில் இருக்கிறது. ஐந்து தவணையாகக் கட்டலாம். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய மாணவர் சங்கம் பொறுப்பேற்றிருக்கிறது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது எனக்கும் செயலாளருக்கும் மட்டும்தான் தெரியும்.

பயணம் முடிந்து வந்த பிறகு பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதே கொப்பியோடு அவர்கள் உங்கள் வீடுகளுக்கும் அயல்வீடுகளுக்கும் வருவார்கள். 2009க்கு முன் இந்தப் பாடசாலையில் யார் யார் படித்தார்கள் என்று கேட்பார்கள். பெயர், தகப்பன் தாய் பெயர், எந்த வருடம், எந்த வகுப்பு வரை. நினைவில் இருக்கிற அளவு சொல்லுங்கள். அழிந்த இடாப்பை அப்படித்தான் திரும்ப எழுதப் போகிறோம்.

அதற்குத் தொடக்கமாக, சம்மதப் படிவத்தின் பின்பக்கத்தில் பத்துக் கோடு போட்டு விட்டிருக்கிறேன். பிள்ளையை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அந்தப் பக்கத்தை நிரப்பித் தாருங்கள். உங்கள் வீட்டில் இருந்து இங்கே படித்தவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். இருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், இறந்தவர்கள், எங்கே என்று தெரியாதவர்கள், எல்லாரையும். கோடு போதாவிட்டால் இன்னொரு தாள் இணையுங்கள்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கூடுவோம். படிவத்தை அன்றைக்குக் கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
அதிபர்