எடை தெரிந்த கை

சேலம்,
மே 24

அன்புள்ள கிரேஸி,

ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கே பதில் போடாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் தப்புத்தான். உன் மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைக்கூடப் பெரியக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். படி ஏறுகிறாயா? பேரனுக்கு ஞானஸ்நானம் என்றைக்கு? இங்கே அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வீட்டுக்குள் மல்கோவா வராத வரைக்கும். சின்னவள் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

போன வாரம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு முகாம் கூட்டிப்போனேன். 31 பிள்ளைகள், பெரியவர்கள் 5 பேர், 5 நாள். அதில் எஸ்தர் என்று ஒரு பிள்ளையைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் பஸ். அடிவாரம் தாண்டியதும் பிள்ளைகள் வளைவை எண்ணிக் கத்த ஆரம்பித்தார்கள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, உனக்கு மறந்திருக்காது. ஆறாவது வளைவோடு கத்தல் நின்று வாந்தி ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், பழைய பேப்பர் எல்லாம் தயாராகத்தான் வைத்திருந்தோம். நம் காலத்தில் பாதிரியார் மனைவி ஐயரம்மாவின் பட்டுப் புடவைக்கு நீ செய்த காரியத்தோடு ஒப்பிட்டால் இவர்கள் எவ்வளவோ தேவலாம்.

அந்தப் பஸ்ஸில் ஒரு விஷயம் என்னைத் தைத்தது. 31 பேரில் 19 பேர் அதுவரை மலை ஏறியதே இல்லை. சேலத்தில் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் சேர்வராயன் மலை கண்ணில் படும். 30 கிலோமீட்டர்தான். தினமும் பார்த்துக்கொண்டே வளர்ந்த மலையில் கால் வைக்கப் பத்து, பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது! இதனால்தான் கமிட்டியில் தலைக்கு 1,200 ரூபாய் என்று பேச்சு வந்தபோது கட்டமுடியாதவர்களையும் சேர்க்கவேண்டும் என்று சண்டை போட்டேன். நம் காலத்தில் உங்கள் அம்மா என் பெயருக்கும் சேர்த்துக் கட்டியது எனக்கு அப்போதே தெரியும் கிரேஸி. அம்மா ஒருநாளும் அதைக் காட்டிக்கொண்டதில்லை, நீயும்தான்.

மேலே நாம் பார்த்த ஏற்காடு இல்லை. கோடை விழாக் கூட்டம், ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. தங்கின இடத்தில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை, கேட்டால் சீசன் என்கிறார்கள். காட்டுமாடு எஸ்டேட்டுக்குள் தாராளமாக வருகிறது, அதனால் ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். ஆனால் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறின மிளகுக்கொடியும் கீழே காப்பிச் செடியும் அப்படியேதான் இருக்கின்றன. ராத்திரிக் குளிருக்குப் பிள்ளைகள் ஒரே போர்வைக்குள் மூன்று பேராகச் சுருண்டு படுத்தார்கள். மே மாதத்தில் போர்வை என்பதையே அவர்களால் நம்பமுடியவில்லை.

மூன்றாம் நாள் ஹோலி டிரினிட்டி கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். சாமுவேல் என்று ஒரு பொடியன், வழியெல்லாம் கல் பொறுக்கி இரண்டு பாக்கெட்டிலும் போட்டுக்கொண்டு நிக்கர் நழுவ நடந்தான். கீழே போடச் சொல்லித் திட்டத்தான் கூப்பிட்டேன், பிறகு ராபர்ட் புரூஸ் ஃபூட் கதையைச் சொன்னேன். 1863இல் பல்லாவரத்தில் சரளைக்கல்லுக்கு நடுவே ஒரு கல்லை எடுத்து, இது ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுபிடித்தவர், கடைசிக் காலத்தில் இந்த ஊரில்தான் வீடு வைத்திருந்தார் என்றேன். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரும் 1882இல் ஏற்காட்டில்தான் இறந்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தாரே, அவரேதான். அவ்வளவு பெரிய சைவர் அந்த வேலையில் உட்கார்ந்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம். பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை. கல் மட்டும் ஏறியது. எல்லோரும் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அங்கேதான் எஸ்தர் சாமுவேலின் கையிலிருந்து ஒரு கல்லை வாங்கி, உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்து, "நூத்தி அறுபது இருக்கும்" என்றாள். எனக்குப் புரியவில்லை. இன்னொரு கல்லை வாங்கி, "இது தொண்ணூறு" என்றாள். பையன்கள் சிரித்தார்கள். தங்குமிடத்துக்கு வந்ததும் சமையல் மாமாவின் தராசில் வைத்துப் பார்த்தோம். முதல் கல் 164 கிராம், இரண்டாவது 88. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அவள் சிவதாபுரத்துப் பிள்ளை. வீட்டோடு கொலுசு வேலை. அம்மா நெருப்பில் பற்றவைக்க, இவள் சின்னக் குறடால் வளையம் வளையமாக மாட்டிக் கொடுப்பாள். பட்டறையிலிருந்து வெள்ளி எடை போட்டு வரும், கொலுசாகத் திரும்பிப் போகும்போதும் எடை. குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அந்தப் பயத்திலேயே கைக்கு எடை படிந்திருக்கிறது. சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று, "240 கிராம், 65 டச், சுத்த வெள்ளி எவ்வளவு?" என்றேன். டச் என்றால் நூற்றில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது. நான் வாய் மூடுவதற்குள் "156" என்றாள். பேப்பர் இல்லை, விரல்கூட மடக்கவில்லை. 32 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள் சொல்கிறேன், இப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் மூன்றோ நாலோ பேர்தான் வந்திருப்பார்கள்.

நாலாம் நாள் சாயங்காலம் லேடீஸ் சீட். இருட்டக் கீழே சேலம் ஒவ்வொரு விளக்காக விழித்தது. பிள்ளைகள் ஜங்ஷன் எங்கே, நம்ம கோயில் எங்கே என்று ஒரே கூச்சல். இவள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்குப் பக்கமே பார்த்து நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன். "எங்க வூடு அந்தப் பக்கம் டீச்சர். இந்நேரம் அம்மா பத்த வெச்சிட்டு இருக்கும். நான் இல்லாம ரெண்டு ஜோடி குறைஞ்சிருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "ஜூன்ல இருந்து நான் ஸ்கூல் போவல. எட்டு முடிச்சிட்டேன்ல" என்றாள்.

கிரேஸி, அழவில்லை அவள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்குத்தான் அந்த விளக்கு எல்லாம் கலங்கிப் போனது.

இறங்கி வந்த மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, அதில் பாதி வேலைக்கு. அப்பா பட்டறையில் முன்பணம் வாங்கியிருக்கிறார், எவ்வளவு என்று அம்மா சொல்லவில்லை. புத்தகம் இலவசம், ஃபீஸ் இல்லை, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம் என்றெல்லாம் பேசினேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது, அது காலேஜ் சேர்ந்த பிறகுதானே. அந்தம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தது. "நீங்க சொல்றது சரிங்க டீச்சர்" என்றது, மறுபடி குறடைக் கையில் எடுத்துக்கொண்டது. நான் பேசிய அந்த ஒரு மணி நேரத்துக்கும் அதற்குக் கூலி போயிற்று என்று தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

எஸ்தருக்கு 13 வயது. கல்வி உரிமைச் சட்டம் 6லிருந்து 14 வரை என்கிறது. அதைக் காட்டி அந்தம்மாவைப் பயமுறுத்த எனக்கு மனசில்லை. அப்படியே பயமுறுத்தினாலும் அந்தச் சட்டம் எட்டாவது வரைக்கும்தான், பத்தாவது முடிக்க இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு அவள் கைக்கூலியை யாராவது ஈடுகட்டினால் போதும் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போடுகிறேன். பணம்கூடப் புரட்டிவிடலாம். கொடுத்தால் வாங்குவார்களா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. தானம் கொடுக்கிற மாதிரி நான் போய் நின்றால் அந்தம்மா நிமிர்ந்து பார்க்காது. உங்கள் அம்மா எப்படிச் செய்தார்கள் கிரேஸி? எங்கள் அம்மாவிடம் என்ன சொன்னார்கள்? நாற்பது வருஷமாகக் கேட்காமல் இருந்ததை இப்போது கேட்கிறேன், ஞாபகம் இருந்தால் ஒன்று விடாமல் எழுது.

எழுதுவதைவிட நீயே வந்துவிட்டால் நல்லது. உனக்குப் பேசத் தெரியும். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தபோது எத்தனை அப்பன்மாரை வழிக்குக் கொண்டுவந்தாய்! நாகர்கோவிலில் சாயங்காலம் பெங்களூர் ரயில் ஏறினால் விடியற்காலை சேலம், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். கீழ் பெர்த் கேட்டு வாங்கு, மூட்டுக்குச் சிரமம் கொடுக்காதே. நேந்திரம் சிப்ஸ் மறந்தாலும் பரவாயில்லை, அந்தப் பழைய கம்பளி ஸ்வெட்டர்களைக் கொண்டு வா, அடுத்த முகாமுக்கு ஆகும்.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம்கூட இல்லை. சாமுவேலின் 164 கிராம் கல் என் மேஜைமேல் இருக்கிறது, எஸ்தர் கேட்டு வாங்கி என்னிடம் கொடுத்தது. இதை எழுதும்போது அதைத்தான் காகிதத்துக்குப் பாரமாக வைத்திருக்கிறேன்.

என்றைக்கு வருகிறாய் என்று போன் பண்ணு.

உன்,
சுகந்தி